தங்கபுஷ்பத்தின் குரல் வந்து சேரும் நேரம்

புன்னைவிளைப் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷமாகச் சத்துணவு சமைத்துவந்த தங்கபுஷ்பத்தின் குரல், ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு அவளைவிட்டு ஒரு நாள் பின்தங்கிப்போனது. பள்ளிக்கூடத்துக்குக் காய்கறி வாங்க மினிபஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, "மார்க்கெட் ஒண்ணு" என்று அவள் சொன்னபோது உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிப் பார்த்தாள், செருமலும் வரவில்லை. மறுநாள் புதன்கிழமை அதே எட்டேகாலுக்கு, யாரும் உட்காராத அதே சீட்டிலிருந்து "மார்க்கெட் ஒண்ணு" என்று தெளிவாகக் கேட்டது, பின்னாலேயே ஒரு செருமலும் கேட்டது, கண்டக்டர் பழக்கதோஷத்தில் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் காலி சீட்டின்மேல் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனான்.

அதற்கு முன்னால் மட்டும் அவள் பேசிக் கிழித்தாளா என்றால், அதுவும் இல்லை. நாற்பத்தொரு வயதுக்குள் அவள் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் "சரி". தையல்காரர் ஜாக்கெட்டை அக்குளில் பிடித்துத் தைத்துக் கொடுத்தால் சரி. பஸ்ஸில் ஒருவர் கூடையைத் தூக்கி மடியில் வைத்தால் சரி. மைத்துனன் கல்யாணத்துக்கு வாங்கிப்போன குத்துவிளக்கு மூன்று வருஷமாகத் திரும்பவில்லை, அதுவும் சரி. சொல்ல வேண்டியது எல்லாம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குத் தோன்றும், அப்போது கேட்க அங்கே சுவர்தான் இருக்கும்.

ஊர் இந்த விஷயத்தை மழை வந்தால் குடை எடுப்பதைப் போல எடுத்துக்கொண்டது. திருநெல்வேலியில் ஒரு தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, ஒன்றும் கோளாறு இல்லை, குரல் வந்துகொண்டுதான் இருக்கிறது, வழியில் இருக்கிறது என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்; அவள் அவரிடம் சொன்ன "வாறேன் சார்" மறுநாள் அவர் வேறொருவரின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தது. ரேஷன் கடையில் கைரேகை விழுந்தால் போதும், குரல் எதற்கு என்றார்கள். டீக்கடை வைகுண்டம் அண்ணாச்சிக்கு இதில் லாபம்தான், தங்கபுஷ்பம் சமையல் கூடத்துக்குத் தினமும் வாங்குவது மூன்று டீ, ஒன்றில் சீனி கம்மி, அதனால் அவள் நேற்றுச் சொன்னது இன்று காலை சரியாகக் காதில் விழுந்ததும் அவர் டம்ளரைக் கழுவ ஆரம்பித்துவிடுவார், அவள் தெருமுனை திரும்பும்போது டீ ஆறாமல் காத்திருக்கும். கிராம சபைக் கூட்டத்தில் அவள் எழுந்து உதட்டை அசைத்துவிட்டு உட்கார்ந்ததால், மறுநாள் பஞ்சாயத்து கிளார்க் தன்னந்தனியாக வந்து, மின்விசிறியைப் போட்டு, காலி நாற்காலிகளுக்கு முன்னால் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் வந்தது "ஒண்ணுமில்ல, பரவால்ல" என்பதுதான், அதையும் எழுதிக்கொண்டு மின்விசிறியை அணைத்துவிட்டுப் போனார்.

வீட்டில்தான் பாடு. புருஷன் பால்பாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், எதையும் ஒரே பேச்சில் முடித்துவிட்டு வண்டியைக் கிளப்பும் ஆள். இன்று அவர் கேட்டதற்கு நாளைக்குப் பதில் வரும், அந்தப் பதிலுக்கு அவர் கோபப்பட்டால் அந்தக் கோபத்துக்கு அவள் சமாதானம் அதற்கு மறுநாள் வரும், அதற்குள் அவருக்குக் கோபம் எதற்கு என்பதே மறந்துபோகும். குழம்பில் உப்புக் கூடிப்போன ஒரு சாதாரணச் சண்டை முடிய ஒன்பது நாள் ஆனது.

"எழுதித்தான் காட்டேன்ளா," என்று சலித்துப்போய் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தார்.

அவள் எழுதினாள். சிலேட்டிலும் "சரி" என்றுதான் வந்தது. பலப்பத்தை எப்படிப் பிடித்தாலும் அந்த இரண்டெழுத்துக்கு மேல் கை நகரவில்லை. தலையும் அப்படித்தான், யார் எதைக் கேட்டாலும் அவளைக் கேட்காமலே மேலும் கீழும் ஆடிவிடும். சே, இந்தத் தலையை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று அவளுக்கே எரிச்சலாக இருக்கும்.

ஆனால் ஒன்று நடந்தது. வாயைத் திறந்தால் அந்த நேரத்துக்குச் சத்தம் வராது என்று ஆன பிறகு, அவளுக்குப் பேச வந்தது. முகத்துக்கு நேரே சொல்லலாம், எதிரே இருப்பவர் முகம் சுளிக்காது, நாளைக்கு அது ஒலிக்கும்போது தான் அங்கே இருக்கப்போவதில்லை. அந்தத் தைரியத்தில் அவள் உள்ளதை உள்ளபடி சொல்லத் தொடங்கினாள். தலை சரி என்று ஆடும், கை சொன்ன வேலையைச் செய்யும், உதடு மட்டும் சத்தமில்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும்.

ஆவணி மாதம் பருப்பு மூட்டை வந்தது. சத்துணவு அமைப்பாளர் ஞானசிகாமணி சார், சாமான்களை வாங்கிக் கையெழுத்துப் போடுகிறவர், மூட்டையைக் காலால் தட்டி "இன்னைக்கு இதைப் போடும்மா" என்றார். அவள் வாயைப் பிரித்தாள். பூச்சிமருந்து வாடை மூக்கில் அடித்தது. அவள் சாரைப் பார்த்து உதட்டை அசைத்தாள், தலை சரி என்று ஆடியது, கை பருப்பைக் களைந்து அண்டாவில் போட்டது.

அன்று மத்தியானம் முப்பத்தொரு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். பால்பாண்டியின் லோடு ஆட்டோவிலும் ஆம்புலன்ஸிலும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை பதினொரு மணிக்குச் சமையல் கூடத்தில் அதிகாரிகள், போலீஸ்காரர் ஒருவர், பிள்ளைகளைப் பெற்றவர்கள், அழுது முகம் வீங்கிய பெரிய டீச்சர் எல்லோரும் நிற்க, ஞானசிகாமணி "யாருமே ஒரு வார்த்தை சொல்லல சார், சொல்லியிருந்தா நான் இறக்கவே விட்டிருக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து தங்கபுஷ்பத்தின் குரல் கேட்டது.

"சார், இந்தப் பருப்புல மருந்து வாடை அடிக்கி. இதைப் போட வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆகாது."

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஊருக்குப் பழகிப்போயிருந்தது, அதிகாரிகளுக்கும் வரும் வழியிலேயே சொல்லியிருந்தார்கள். அழகம்மை என்று ஒரு பெண், மகனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டுவிட்டு வந்தவள், தங்கபுஷ்பத்தின் பக்கத்தில் வந்து நின்றாள். சத்தம்கூடப் போடவில்லை.

"தெரிஞ்சிருக்கு உனக்கு. தெரிஞ்சும் பொங்கிப் போட்டிருக்க."

தங்கபுஷ்பம் ஏதோ சொன்னாள். அது மறுநாள்தான் கேட்கும், அப்போது அழகம்மை அங்கே இருக்க மாட்டாள்.

பிள்ளைகள் இரண்டு நாளில் எல்லோரும் வீடு திரும்பினார்கள். விசாரித்த அதிகாரி, "ஆட்சேபம் தெரிவிக்கப்பட்டுள்ளது, ஆனால் தாமதமாக வந்து சேர்ந்துள்ளது" என்று எழுதி, இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். வேலை போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தினமும் காலை அதே அண்டாவைக் கழுவும்போது, அதே கை, அதே தலை, அதே உதடு, இவற்றை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் தேங்காய் நாரைப் போட்டு அண்டா பொத்துப்போகும்வரை தேய்த்தாள்.

புரட்டாசி கழிந்து மீன் சீசன் வந்தது. கடற்கரையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் சகாயராணிக்கு ஊரில் எல்லோரோடும் ஒரு வாய்ச்சண்டை பாக்கி இருக்கும். ஒரு சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் தங்கபுஷ்பத்தின் வாசலில் ஒரு கூறு சாளை மீனை அள்ளிப் போட, தங்கபுஷ்பம் உதட்டை அசைத்தாள், தலையை ஆட்டினாள், வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் சைக்கிளை நிறுத்திய சகாயராணிக்கு முன்னால் ஆளில்லாமல் குரல் கேட்டது: "இது நேத்து மீன். கண்ணு செத்துக் கெடக்கு. எனக்கு வேண்டாம்."

சகாயராணி ஸ்டாண்டை மிதித்து வண்டியை நிறுத்தினாள்.

"எக்கா! தங்கபுஷ்பக்கா! வெளிய வாங்க. பேச்சை இங்க நடுத்தெருவுல விட்டுட்டு உள்ள போயி ஒளிஞ்சா எப்படி? நான் யாரோட சண்டை போட? உங்க வாசப்படியோடயா?"

தங்கபுஷ்பம் கதவுக்குப் பின்னால் நின்றாள். தெருவே பார்க்கிறது, போகாவிட்டால் இவள் உள்ளே வந்துவிடுவாள். வேறு வழியில்லாமல் வெளியே வந்து, தன் குரல் ஒலித்த இடத்தில் நின்றாள்.

"இது நீங்க சொன்னதுதானா?"

தலை ஆடியது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தத் தலை ஆட வேண்டிய காரியத்துக்கு ஆடியது.

"நேத்து மீன்தான், ஒத்துக்கிடுதேன். அதை நேத்தே சொன்னா நல்ல மீனாத் தந்திருப்பேன்லா," என்று முனகிக்கொண்டே சகாயராணி புதுச் சாளையில் ஒரு கூறு எடுத்துத் தட்டில் போட்டாள். "இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா? இருந்தா இப்பவே சொல்லித் தொலைங்க, நாளைக்கு வந்து கேட்டுக்கிடுதேன்."

தங்கபுஷ்பம் உதட்டை அசைத்தாள். திங்கட்கிழமை அந்தக் குரல் ஒன்பது மணிக்கு வரவில்லை, எட்டு ஐம்பதுக்கே வந்துவிட்டது. "இல்ல ராணி, இது போதும்."

பத்து நிமிஷம் முந்தி. அவளே கேட்டாள், வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது. விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று வாரம் ஆனது. சொன்ன சொல் வந்து சேரும்போது அந்த இடத்தில் போய், கேட்கிற ஆளுக்கு முன்னால், ஓடாமல் நின்றால் அடுத்த சொல்லுக்குக் குரல் கொஞ்சம் முந்தும். ஐந்து நிமிஷம், எட்டு நிமிஷம், அவ்வளவுதான். ஒளிந்துகொண்டால் பின்னுக்குப் போகும், அதுவும் ஏறினதைவிடப் பல மடங்கு. பரமபதத்தில் ஏணி சின்னது, பாம்பு பெரியது என்பதுபோல. இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் மறுநாள் போய்க் காவல் நிற்பது என்றால் சோறு பொங்குவது யார், வீட்டைப் பார்ப்பது யார்? அவள் அலுத்துக்கொண்டாள். அலுத்துக்கொண்டே போனாள். தையல்காரரிடம் "அக்குள் பிடிக்கி, பிரிச்சுத் தைங்க" என்று சொல்லி, மறுநாள் அவர் கடை முன்னால் குரலுக்காக இருபது நிமிஷம் வெயிலில் நின்றாள். அவர் "இதுக்கா இவ்வளவு நேரம் நிக்க, நேத்தே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார். நேத்தே சொன்னேன் என்று அவள் சொன்னாள், அது அதற்கு மறுநாள் அவருக்குக் கேட்டது.

ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு ஊர் சும்மா இருக்குமா? ஆளாளுக்கு உபகாரம் செய்யக் கிளம்பினார்கள். வைகுண்டம் அண்ணாச்சி வேண்டுமென்றே கசந்துபோன டீயைக் கொடுத்து, "வேண்டாம்னு சொல்லும்மா, சொல்லு, பயப்படாத" என்று ஆவலாக முகத்தைப் பார்த்தார். மினிபஸ் கண்டக்டர் மீதிச் சில்லறையை வைத்துக்கொண்டு, கேட்டால்தான் தருவேன் என்று கண்ணைச் சிமிட்டினான். பெரிய டீச்சர் காலை வணக்கக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளையும் "சமையல் அக்காவுக்குத் தைரியம் வரணும்" என்று பிரார்த்திக்கச் சொன்னார். ஒன்றும் பலிக்கவில்லை. சொல்லி வைத்துச் செய்கிற தப்புக்கு "வேண்டாம்" என்றால் குரல் ஒரு நிமிஷம்கூட முந்தவில்லை, கசந்த டீயைக் குடித்த வயிற்றுவலிதான் மிச்சம்.

எல்லோரையும்விட மோசம் பால்பாண்டி. அவருக்கு இந்த ஐந்து நிமிஷம், எட்டு நிமிஷம் எல்லாம் பொறுக்கவில்லை.

"ஏளா, இப்படி மீன்காரி, தையக்காரன்னு எத்தனை வருஷத்துக்கு அலைவ? ஒரே அடியாப் பெருசாப் பேசிரு. ஜில்லா ஆபீஸ்ல மனு வாங்குற கூட்டம் நடக்கில்லா, அங்க போயி பெரிய அதிகாரிட்ட ஒரு தடவ பேசிட்டா எல்லாம் சரியாப் போவும்."

அவள் தலை ஆடியது. திங்கட்கிழமை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். பெரிய ஹாலில், மேஜைக்கு அந்தப்பக்கம் ஒன்பது பேர் உட்கார்ந்திருக்க, சமையல் கூடத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றி அவள் உதட்டை அசைத்துவிட்டு வந்தாள். மறுநாள் அங்கே போய் நிற்க வேண்டும். போனாள், வாசல்வரை போனாள், போலீஸ்காரர்களையும் கார்களையும் பார்த்தாள், திரும்பி ஓடி அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரத்தில் குரல் தன்பாட்டில் அந்த ஹாலில் கூரையைப் பற்றிச் சொல்லி முடித்தது, யார் பேசியது என்று அங்கே வேறு கூட்டத்துக்கு உட்கார்ந்திருந்த அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து அவளுடைய குரல் இரண்டு நாள் பின்தங்கிப்போனது. ஒரு மாதம் நின்று நின்று சேர்த்தது எல்லாம் ஒரே நாளில் போயிற்று, அதற்குமேல் ஒரு நாளும் போயிற்று.

அன்று வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். அழுகைச் சத்தமும் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது, பால்பாண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, காலியான மூலையிலிருந்து. அவர் கையைக் கழுவிவிட்டு அந்த மூலைக்குப் பக்கத்தில் போய், முடியும்வரை உட்கார்ந்திருந்தார். தங்கபுஷ்பம் அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தாள். அதன் பிறகு அவர் பெரிய பேச்சு எதையும் பேசச் சொல்லவில்லை.

அவள் மறுபடியும் மீனிலிருந்து ஆரம்பித்தாள். மீன், பிறகு வெங்காயக் கடை, பிறகு பஸ்ஸில் மடியில் கூடை வைக்கிற பொம்பளை. ஒரு வாரம் முழுக்க "தள்ளி உக்காருங்க" மட்டும். அது பழகின பிறகு மைத்துனன் வீட்டுக்குப் போய்க் குத்துவிளக்கு. அதற்கு மூன்று நாள் ஆனது, சொல்ல ஒரு நாள், போய்க் காத்திருக்க ஒரு நாள், வாங்கிவந்த பிறகு படபடப்பு அடங்க ஒரு நாள். சில நாள் ஏறும், சில நாள் சறுக்கும், ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி கண்ணைப் பார்த்ததும் ஓடிவந்துவிட்டதால் ஒன்றரை மணி நேரம் போயிற்று, அன்று முழுக்க யார் மேல் என்றில்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள். கார்த்திகை கடைசியில் குரல் ஒரு நாளுக்குள் வந்தது. மார்கழியில் காலையில் சொன்னது சாயங்காலம் கேட்டது. தையில் ஒரு மணி நேரம். மாசி பிறந்தபோது உலை வைத்துச் சோறு வடிக்கிற நேரம், கடிகாரப்படி பதினாலு நிமிஷம். அதற்குமேல் அசைய மாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு வாரம் போராடிப் பார்த்தாள், பதினாலு பதினாலுதான்.

அந்தப் பதினாலு நிமிஷத்தில்தான் முட்டை வண்டி வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. வண்டிக்காரன் ஊருக்குப் புதிது. "சீக்கிரம் இறக்குங்க, இன்னும் நாலு ஸ்கூலுக்குப் போகணும்" என்று பின்கதவைத் திறந்தான். ஞானசிகாமணி கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். தங்கபுஷ்பம் மேல் அட்டையிலிருந்து ஆறு முட்டையை எடுத்து வாளித் தண்ணீரில் விட்டாள். இரண்டு கீழே போய்ப் படுத்தன. நாலு மேலே மிதந்தன. ஒன்றைத் தரையில் தட்டி உடைத்தாள், உதவிக்கு இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

தங்கபுஷ்பம் ஞானசிகாமணியைப் பார்த்து வாயைத் திறந்தாள், சொன்னாள், மூடினாள். சத்தம் இல்லை. பதினாலு நிமிஷம். வண்டியை இறக்க ஐந்து நிமிஷம் போதும்.

"ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும், பார்த்து எடுத்துப் போட்டுரும்மா," என்றார் ஞானசிகாமணி. "என்ன? சரிதானே?"

கழுத்து ஆட ஆரம்பித்தது. அவளுக்கே தெரிந்தது, உள்ளுக்குள் அந்தப் பழைய ஆட்டம் கிளம்பி மேலே ஏறுவது. அவள் ஒரு கையால் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் இருப்பறைக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு, வாசலை அடைத்து நின்றாள்.

"நகரும்மா. அவருக்கு நேரமாவுதுல்லா."

அவள் நகரவில்லை. வண்டிக்காரன் இரண்டு அடுக்கைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றான்.

"என்ன சார் இது? இந்தம்மாவுக்கு என்ன? ஒண்ணும் சொல்லாம வழியை மறிச்சிட்டு நிக்காங்க?"

"சொல்லியாச்சு," என்றது ஒரு குரல். பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்தியிருந்த சகாயராணி. "வந்துக்கிட்டு இருக்கு. இரும்."

"எது வந்துக்கிட்டு இருக்கு?"

"அவங்க சொன்னது."

வண்டிக்காரன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். நாற்றம் தாங்காமல் வெளியே ஓடிய பெண் சும்மா ஓடவில்லை, தெருவையே கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வைகுண்டம் அண்ணாச்சி டீ ஆற்றுகிற டம்ளரோடு வந்திருந்தார். பெரிய டீச்சர் வகுப்பிலிருந்து இறங்கி வந்தார். அழகம்மை வந்திருந்தாள், அவள்தான் முன்னால் வந்து கேட்டாள்.

"இப்ப எத்தனை நிமிஷம்?"

"பதினாலு," என்றாள் சகாயராணி. "சொல்லி ரெண்டு ஆச்சு."

"அப்ப பன்னெண்டு," என்று சொல்லிவிட்டு அழகம்மை சேலையைச் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். யாரோ வண்டியின் இன்ஜினை அணைத்தார்கள்.

ஞானசிகாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. "இது என்ன கூத்து? அரசாங்க வேலைய பன்னெண்டு நிமிஷம் நிறுத்தி வைக்கதுக்கு இவ யாரு? ஏம்மா, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு, இல்லன்னா வழிய விடு!"

அதைத்தானே சொன்னேன் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பன்னிரண்டு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. சரியாகச் சொன்னோமா? முட்டை என்று சொன்னோமா, வெறுமனே வேண்டாம் என்று சொன்னோமா? சத்தமாகச் சொன்னோமா? இத்தனை பேரையும் உட்கார வைத்துவிட்டுக் கடைசியில் "பரவால்ல சார்" என்று வந்து தொலைத்தால்? கால் ஓடு ஓடு என்றது. ஓடினால் இந்தக் குரல் காலி அறையில் தனியாகப் பேசும், அண்டாவில் முட்டை வெந்துகொண்டிருக்கும். அவள் நிலையைப் பிடித்த கையில் மரச்சிராய் ஏறியது, எடுக்கவில்லை. ஒரு தடவை ஞானசிகாமணி அவள் கையைத் தட்டிவிடப் பார்த்தார், அழகம்மை எழுந்து நின்றாள், அவர் கையை எடுத்துக்கொண்டார். வெயில் ஏறியது. வைகுண்டம் அண்ணாச்சி வண்டிக்காரனுக்கு ஒரு டீ கொடுத்தார், அவன் முட்டை அடுக்கைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு அதை வாங்கிக் குடித்தான்.

பத்து நாற்பத்தாறுக்குக் குரல் வந்தது. அப்படி ஒன்றும் முழக்கமாக இல்லை. கொஞ்சம் நடுங்கி, நடுவில் ஒரு மூச்சு வாங்கி, வீட்டில் பேசுகிற குரல்தான்.

"இந்த முட்டை வேண்டாம் சார். ஆறுல நாலு மெதக்கு. திருப்பி அனுப்புங்க. நான் அவிக்க மாட்டேன்." ஒரு செருமல் கேட்டது. பிறகு, வாய்க்குள் முனகினது என்று அவள் நினைத்திருந்ததும் சேர்ந்தே கேட்டது. "இந்த மனுசனுக்கு எத்தனை தடவதான் சொல்ல."

பெரிய டீச்சர் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். மற்றவர்கள் பொத்திக்கொள்ளவில்லை.

வண்டிக்காரன் டம்ளரைக் கொடுத்துவிட்டு, "இதைச் சொல்லவா இவ்வளவு நேரம்?" என்று அலுத்துக்கொண்டே அடுக்குகளைத் திரும்ப ஏற்றினான். தங்கபுஷ்பம் தாடையிலிருந்து கையை எடுத்தாள். விரல் பதிந்த இடம் சாயங்காலம்வரை சிவந்திருந்தது.

அவளை யாரும் தோளில் தூக்கிக் கொண்டாடவில்லை. மத்தியானம் முட்டை இல்லை என்று தெரிந்ததும் நூற்றிருபது பிள்ளைகள் தட்டைத் தட்டிக் கத்தினார்கள், அவசரமாகச் சுண்டல் அவித்துப் போட்டதற்கு அழகம்மையின் மகனே "முட்டைதான் வேணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஞானசிகாமணி மேலிடத்துக்கு எழுதினார், விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, அவள் தனியாக பஸ் ஏறிப் போய் அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்று சொன்னாள், குரல் வரும்வரை நகராமல் நின்றாள், அதிகாரி அதற்குள் இரண்டு ஃபைலைப் பார்த்து முடித்தார். மறுவாரம் வியாழக்கிழமை வேறு முட்டை வந்தது. வாளியில் விட்டதில் ஆறும் கீழே போய்ப் படுத்தன.

அந்த மேஜைக்குப் பிறகு பதினாலு எட்டானது, எட்டு மூன்றானது. பங்குனி நடுவில் ஒரு நாள், கூட்டிப் பெருக்கிக்கொண்டே "இந்தத் தூசி எங்கிருந்துதான் வருதோ" என்று அவள் சொன்னது, சொன்ன அந்த நொடியிலேயே அவள் காதில் விழுந்தது. அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். பிறகு இன்னொரு தடவை சொன்னாள். விழுந்தது.

ஆனால் ஊருக்குத் தெரியவில்லை. ஊர் காத்திருந்து காத்திருந்து பழகிவிட்டது. டீக்கடையில் மூன்று டீ என்று அவள் சொன்னால், வைகுண்டம் அண்ணாச்சி மரியாதையாக ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு, "உக்காரும்மா, வரட்டும்" என்று துடைத்த கிளாஸையே துடைத்துக்கொண்டிருந்தார். பெரிய டீச்சரிடம் லீவு கேட்டால் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கைகட்டி, கனிந்த முகத்தோடு சுவரைப் பார்த்தார். சகாயராணிகூட, அந்த அவசரக்காரிகூட, "நல்ல சாளையா ரெண்டு கூறு போடு" என்றால் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்துவிட்டாள். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. இத்தனை மாதம் இந்தப் பொறுமையை எங்கே வைத்திருந்தார்கள் என்று தங்கபுஷ்பத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்தாள். பால்பாண்டி வண்டிக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கேஸ் தீந்துபோச்சு. போற வழியில சொல்லிட்டுப் போங்க."

அவர் செருப்பைக் கழற்றினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கேஸ் தீந்துபோச்சுன்னு சொன்னேன்."

"சொல்லியாச்சுல்லா. வரும், வரும். நீ அவசரப்படாத," என்றார் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அத்தனை கனிவாக.

தங்கபுஷ்பம் ஸ்டூலைப் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினாள். கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். இறங்கி வந்து, அவருக்கும் வெறும் சுவருக்கும் நடுவில் நின்று, மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

அப்போதுதான் அவர் அவள் வாயைப் பார்த்தார்.